அக்கரையில் பிறந்த பிள்ளைக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?

கோடை விடுமுறை நெருங்கினால் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு விளக்கு எரியத் தொடங்கும். எங்களுக்கு வரும் கடிதங்களிலும் பாஸ்போர்ட் பேச்சு கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டில் பிறந்த பேரன் பேத்திகளின் குடியுரிமை பற்றியவை. எந்தக் கடிதமானாலும் நாங்கள் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: பிள்ளை பிறந்த அன்று தாயும் தகப்பனும் எந்த நாட்டுக் குடிமக்கள்? கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி (பள்ளத்தூர்): மகனும் மருமகளும் துபாயில் இருக்கிறார்கள். இருவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். பேத்தி பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. பிறப்புச் சான்றிதழில் மருமகள் பெயர் எழுத்து மாறி விழுந்துவிட்டது. அதைத் திருத்தி வாங்கிக்கொண்டு இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போகலாம் என்று இருந்துவிட்டார்கள். ஒரு வருஷம் வரை நேரம் இருக்கிறதாமே?

பதில்: ஒரு வருஷம் என்பது இந்தியச் சட்டம் தரும் நேரம், ஆச்சி. அமீரகம் அவ்வளவு பொறுக்காது. அங்கே பிறந்த குழந்தைக்கு 120 நாளுக்குள் குடியிருப்பு விசா எடுக்க வேண்டும். தாண்டினால் நாள் கணக்கில் அபராதம். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புப் பதிவு வேண்டும். ஐந்து மாதம் என்றால் அந்த 120 நாள் ஏற்கெனவே போய்விட்டது. இனி ஒரு வாரம்கூடத் தள்ள வேண்டாம்.

துபாயில் பிறந்ததால் மட்டும் அந்த நாட்டுக் குடியுரிமை வராது. உங்கள் பேத்திக்கு இருக்கும் ஒரே வழி இந்தியக் குடியுரிமை. அது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவில், ‘வம்சாவளி’ வழியாக வருவது. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது. பிறந்து ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்தும் ஆக வேண்டும். பதியாதவரை குழந்தை இந்தியக் குடிமகள் ஆகவில்லை என்பதே சட்டத்தின் நிலை. “அப்பனும் ஆத்தாளும் இந்தியர்தானே, தானாக வந்துவிடும்” என்று இருந்துவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை.

செய்ய வேண்டிய முறை இது. முதலில் அமீரகப் பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்த வேண்டும். ஆஸ்பத்திரிப் பதிவில் இருக்கும் பெயர் மருமகளின் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். வள்ளியம்மை என்ற பெயரில் ஆங்கில ‘எல்’ ஒன்றா இரண்டா, மெய்யப்பனில் ‘பி’ ஒன்றா இரண்டா என்பதெல்லாம் நமக்கு அற்பமாகத் தெரியும். கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது வேறொரு ஆள். திருத்திய சான்றிதழ் கையில் வந்ததும், உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் பிறப்புப் பதிவுக்கான முதல் படிவத்தை நிரப்பி அச்செடுத்து, இருவர் பாஸ்போர்ட், விசா நகல், திருமணச் சான்று, குழந்தையின் படம் ஆகியவற்றோடு துணைத் தூதரகம் சொல்லும் இடத்தில் கொடுக்க வேண்டும். குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடலாம். துபாயிலும் வடக்கு அமீரகங்களிலும் பிறந்தால் துபாய் துணைத் தூதரகம். அபுதாபியில் பிறந்தால் அங்குள்ள தூதரகம்.

படிவத்தோடு பெற்றோர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திடுவார்கள்: ‘இந்தக் குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை.’ உங்களுக்கு இதில் சிக்கல் இல்லை. அமெரிக்கா, கனடாவில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் இந்த வரியை இரண்டு தரம் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் இதே சட்டத்தின் 17ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைக்கு இடம் இருக்கிறது.

ஒரு வருஷம் தாண்டினாலும் கதவு மூடுவதில்லை. ஆனால் தூதரகமே முடிவெடுக்க முடியாது. தாமதத்துக்கான காரணக் கடிதத்தோடு கோப்பு டெல்லிக்குப் போய், மத்திய அரசின் அனுமதி வந்த பிறகே பதிவு. மாதக் கணக்கில் இழுக்கும். அதுவரை குழந்தைக்குப் பாஸ்போர்ட் கிடையாது; பெரியவர்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வர முடியாது.

பேத்திக்குப் பெயர் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘சித. பழ.’ என்று நீளும் விலாசத்தை, அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை, பாஸ்போர்ட்டில் அப்படியே ஏற்ற முடியாது, எழுத்துகளை விரித்து எழுத வேண்டும். அந்தத் தொல்லைக்காகச் சிலர் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பர் முதல், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை அமீரகம் ஏற்பதில்லை. தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுவதே பின்னால் நிம்மதி.

கேள்வி (கோட்டையூர்): மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அபுதாபியில் வேலை. இசைகுடிமானத்தில் (நம் வழக்கப்படியான திருமண ஒப்பந்த ஏட்டில்) இரண்டு வீட்டாரும் கையெழுத்திடப் போகிறோம். பிறகு எதற்குச் சார்பதிவாளர் அலுவலகம்?

பதில்: இசைகுடிமானம் உங்கள் இரு வீட்டுக்கும் கோயிலுக்கும் செல்லும். அபுதாபி விசா அலுவலகத்தில் செல்லாது. பிள்ளை பிறக்கும்போது பிறப்புச் சான்றிதழ் போடவும், அதற்கு முன்னால் மகளுக்குக் குடும்ப விசா எடுக்கவும் அவர்கள் கேட்பது அரசுப் பதிவுச் சான்றிதழைத்தான்.

2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை முடியும். மாப்பிள்ளை பத்து நாள் லீவில் வந்து, மறுவீடு முடிந்த கையோடு விமானம் ஏறிவிட்டால் இந்த நாள்களெல்லாம் ஓடிவிடும். கல்யாணத்துக்கு அடுத்த வாரத்தில் ஒரு வேலைநாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். பதிவில் மணமக்கள் பெயர் அவரவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பத்திரிகையில் அச்சடித்த பெயர் வேண்டாம்.

சான்றிதழ் வந்தபின், அது உண்மையானதுதான் என்று அரசு அலுவலகங்கள் போடும் மேலொப்பம் வாங்க வேண்டும். ஒரே முத்திரையை உறுப்பு நாடுகள் ஏற்கும் ‘அப்போஸ்டில்’ உடன்பாட்டில் அமீரகம் இல்லை. எனவே மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று நான்கு படி ஏற வேண்டும். சிங்கப்பூர் மாப்பிள்ளையானால் அப்போஸ்டில் ஒன்றோடு முடிந்திருக்கும்.

கேள்வி (கண்டனூர்): என் அப்பச்சி (தகப்பனார்) மலேசியக் குடிமகன், ஆத்தா (தாயார்) இந்த ஊரில் பிறந்து இன்றுவரை இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர். நான் பினாங்கில் 1988இல் பிறந்தேன், தங்கை 1994இல் பிறந்தாள். ஆத்தா வழியில் எங்களுக்கு இந்தியக் குடியுரிமை உண்டா? நான் இப்போது ஊரோடு வந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனால் உங்கள் இருவருக்கும் சட்டம் வேறு வேறு. 1992 டிசம்பர் 10க்கு முன் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குத் தகப்பன் மட்டுமே கணக்கு. தாய் இந்தியராக இருந்து பயனில்லை. நீங்கள் பிறந்த 1988இல் அந்தச் சட்டம்தான் இருந்தது. ஆகவே ஆத்தா வழியில் உங்களுக்குக் குடியுரிமை வரவே இல்லை.

அந்தத் தேதிக்குப் பிறகு தாய் தகப்பனில் யார் இந்தியராக இருந்தாலும் போதும் என்று திருத்தினார்கள். அதன்படி தங்கை பிறக்கும்போதே இந்தியக் குடிமகள். 2004க்கு முன் பிறந்ததால் தூதரகப் பதிவும் அவருக்குக் கட்டாயம் இல்லை. சந்தோஷப்படுவதற்குள் அடுத்த வரியையும் படித்துவிடுங்கள். மேலே சொன்ன 4ஆவது பிரிவின் வழியே குடியுரிமை பெற்ற பிள்ளை வேறொரு நாட்டுக் குடியுரிமையும் வைத்திருந்தால், 18 வயது முடிந்த ஆறு மாதத்துக்குள் அந்த நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். தங்கைக்கு 18 முடிந்தது 2012இல். மலேசியக் குடியுரிமையோடே தொடர்ந்திருந்தால் அந்தக் கணக்கு அப்போதே முடிந்துவிட்டது.

இனி இருவருக்கும் எளிய வழி: ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை. இந்தியக் குடிமகளின் பிள்ளைகள் என்ற தகுதி உங்களுக்குத் தெளிவாக இருக்கிறது. ஆத்தாவின் பாஸ்போர்ட், அவர் பெயர் தாய் என்று அச்சான உங்கள் மலேசியப் பிறப்புச் சான்றிதழ், உங்கள் மலேசியப் பாஸ்போர்ட் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பிறப்புச் சான்றிதழில் ஆத்தாவின் பெயர் ஒரு விதமாகவும் அவர் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

அட்டை எடுத்து ஐந்து ஆண்டு ஆனபின், விண்ணப்பிக்கும் முன்னால் 12 மாதம் தொடர்ந்து இந்தியாவில் குடியிருந்தால் 5ஆவது பிரிவின்கீழ் குடிமகனாகப் பதியக் கேட்கலாம். அந்த 12 மாதத்தில் பினாங்குக்குக் கல்யாணம், காரியம் என்று போய்வந்த நாள்கள் உதைக்கும். தக்க காரணம் இருந்தால் மொத்தம் 30 நாள் வரை அரசு தளர்த்தலாம், அதற்கு மேல் இல்லை. விண்ணப்பம் இணையத்தில்தான்; ஆனால் விசாரணை சிவகங்கை கலெக்டர் அலுவலகம் வழியாக நடந்து, மாநில அரசைத் தாண்டி டெல்லிக்குப் போகும். கடைசியில் மலேசியக் குடியுரிமையை விட்டுத்தான் ஆக வேண்டும். ஊரில் நிம்மதியாக வாழ மட்டும்தான் என்றால் ஓசிஐயோடு நிறுத்திக்கொள்வதே எங்களுக்குச் சரியென்று படுகிறது.

கேள்வி (தேவகோட்டை): மகளும் மருமகனும் அமெரிக்காவில் எச்1பி என்ற வேலை விசாவில் இருக்கிறார்கள். பேரன் நியூஜெர்சியில் பிறந்து மூன்று மாதம். அவனுக்கு இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்துவிடலாமா? பின்னால் ஊரில் உள்ள வளவு வீட்டில் (குடும்பப் பொது வீட்டில்) அவனுக்குப் பங்கு இருக்குமா?

பதில்: இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது. மேலே சொன்ன உறுதிமொழி இருக்கிறதே, அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்த பிள்ளைக்கு அதில் கையெழுத்திட வழியில்லை. அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுக்காமல் இந்தியப் பாஸ்போர்ட் மட்டும் எடுப்பது ஏட்டளவில் முடியும். ஆனால் அங்கே பிறந்தவன் பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகன், அமெரிக்கக் குடிமகன் அந்த நாட்டுக்குள் போகவும் வெளியே வரவும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டையே காட்ட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஆகவே எல்லோரும் செய்வதைச் செய்யுங்கள்: அமெரிக்கப் பாஸ்போர்ட், அதற்குமேல் ஓசிஐ. பெற்றோர் இருவரும் இந்தியர் என்பதால் பேரனுக்கு ஓசிஐ கிடைப்பதில் தடை இல்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் பாதம் பதித்துத் தரும் அழகான தாள் பிறப்புச் சான்றிதழ் அல்ல. பெற்றோர் பெயர் முழுதாக உள்ள அரசுச் சான்றிதழை வாங்க வேண்டும். அட்டை வந்தபின் 20 வயது வரை ஒவ்வொரு முறை பாஸ்போர்ட் மாறும்போதும் புதிய பாஸ்போர்ட்டையும் படத்தையும் ஓசிஐ இணையதளத்தில் ஏற்ற வேண்டும், மூன்று மாதத்துக்குள். குழந்தைப் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டில் முடிவதால் இது அடிக்கடி வரும். அட்டையை மறுபடி அச்சடிப்பது 20 வயதுக்குப் பின் எடுக்கும் பாஸ்போர்ட்டின்போது ஒரே ஒரு முறை.

வீட்டுப் பங்கில் கவலை வேண்டாம். வாரிசாக வரும் சொத்தை ஓசிஐக்காரர் பெறலாம், வீடும் மனையும் விலைக்கு வாங்கலாம். விலைக்கு வாங்க முடியாதவை விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு. ஓட்டும் இல்லை. கோயில் புள்ளி, அதாவது நகரக் கோயிலில் ஒரு குடும்பமாகக் கணக்கில் சேர்வது, வேறு கணக்கு. அது கல்யாணத்துக்குப் பிறகு வருவது, அதற்குத் தூதரகத்தில் ஒரு வேலையும் இல்லை.

கேள்வி (கானாடுகாத்தான்): மாப்பிள்ளை 2022இல் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டார். மகள் இந்தியர். தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வந்திருக்கிறோம், காரைக்குடியில் பிரசவம். பிள்ளைக்கு அப்பா வழியில் அமெரிக்கக் குடியுரிமை கிடைக்குமா?

பதில்: தகப்பன் குடிமகனாகி எத்தனை வருஷம் என்பதை அமெரிக்கா பார்ப்பதில்லை. பிள்ளை பிறக்கும் முன் அவர் அந்த மண்ணில் உடம்போடு எத்தனை நாள் இருந்தார் என்பதே கேள்வி. தாய் தகப்பனில் ஒருவர் மட்டும் அமெரிக்கராக இருந்தால், அவர் மொத்தம் 5 ஆண்டு அங்கே இருந்திருக்க வேண்டும். அதில் 2 ஆண்டு 14 வயதுக்குப் பின்னால். மாணவர் விசா, எச்1பி, கிரீன்கார்டு எந்த நிலையில் இருந்த நாளும் சேரும். ஊருக்கு வந்துபோன நாள்கள் சேராது. மாப்பிள்ளை படிக்கப் போய் வேலையில் சேர்ந்து குடிமகனானவர் என்றால் 5 ஆண்டு எப்படியும் தேறிவிடும், நிரூபிப்பதுதான் வேலை. கல்லூரி மதிப்பெண் பட்டியல், ஆண்டுதோறும் வந்த வரிப் படிவங்கள், முத்திரை விழுந்த பழைய பாஸ்போர்ட் எல்லாவற்றையும் அங்கிருந்து வரும்போதே கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ரத்துசெய்து திருப்பித் தந்திருப்பார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

இங்கே 21 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள். பெயர் வைக்க நாள் பார்த்துக்கொண்டு, பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டே சான்றிதழ் வாங்கிவிடுவது நம் பக்கத்து வழக்கம். அந்தச் சான்றிதழ் தூதரகத்துக்கு உதவாது. பெயரை முடிவு செய்து ஏற்றி, பெயரோடு வாங்குங்கள். பிறகு சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ‘வெளிநாட்டுப் பிறப்பு அறிக்கை’க்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஒன்றாக விண்ணப்பிக்கலாம். குழந்தையையும் நேரில் கொண்டுபோக வேண்டும்.

பலரை விமான நிலையத்தில் நிறுத்துவது இதற்குப் பிறகு வருவது. இந்தியாவில் பிறந்து அமெரிக்கப் பாஸ்போர்ட் பெற்ற குழந்தையிடம் இந்திய விசாவும் இல்லை, உள்ளே வந்த முத்திரையும் இல்லை. வெளியே போக அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். டிக்கெட் போடும் முன் இதை முடித்துவிடுங்கள். தாய் இந்தியர் என்பதால் இங்கே பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடியுரிமையும் பிறப்பால் உண்டு. அதற்காக இந்தியப் பாஸ்போர்ட்டும் ஒன்று எடுத்து இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளும் யோசனையை விட்டுவிடுங்கள்.

கேள்வி (புதுவயல்): மருமகள் மலேசியக் குடிமகள், மகன் இந்தியன். குழந்தை காரைக்குடியில் பிறந்தது. மலேசியக் குடியுரிமை கேட்கலாமா?

பதில்: வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பன் வழியில்தான் மலேசியா தானாகக் குடியுரிமை கொடுத்துவந்தது. தாய்க்கும் அந்த உரிமையைத் தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை 2024 அக்டோபரில் அங்குள்ள மக்களவை நிறைவேற்றியது. அதே திருத்தம், விண்ணப்பித்துக் குடியுரிமை கேட்கும் பிள்ளைகளின் வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைக்கிறது. குழந்தையின் பிறந்த தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்பதை மலேசியத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏதும் செய்யாவிட்டாலும் குழந்தை நாடற்றதாகாது; இங்கே பிறந்து, தகப்பன் இந்தியன் என்பதால் அது இந்தியக் குடிமகன்தான்.

கேள்வி (காரைக்குடி): சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டில் பிள்ளை கூட்டப் போகிறார்கள் (சுவீகாரம் எடுக்கப் போகிறார்கள்), எங்கள் இளைய மகனை. மஞ்சள் நீர் குடிக்கும் சடங்கை முடித்து, பத்திரமும் பதிந்துவிட்டால் அவனுக்குச் சிங்கப்பூர் குடியுரிமை வருமா?

பதில்: வராது. வம்சாவளிக் குடியுரிமை பிறப்பைத் தொட்டது. சுவீகாரப் பத்திரத்தால் அது மாறாது. வெளிநாட்டில் இருப்பவர் இங்கிருந்து தத்து எடுக்க மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் தடையில்லாச் சான்றும், சிங்கப்பூர்ச் சட்டப்படியான தத்தெடுப்பும் வேண்டும். சடங்கை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சடங்கை முடித்துவிட்டுப் பிள்ளையை விசிட் விசாவில் அழைத்துப்போனால் திரும்ப வரத்தான் வேண்டியிருக்கும்.

கேள்வி (பள்ளத்தூர்): மகனும் மருமகளும் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிய மறு வருஷம் பேரன் அங்கே பிறந்தான். இப்போது 18 முடியப் போகிறது. ஒரு வருஷத்துக்குள் எழுதிக் கொடுத்தால் இந்தியக் குடியுரிமை திரும்பக் கிடைக்கும், தேசிய சேவைக்கும் (அங்குள்ள கட்டாய ராணுவப் பணிக்கும்) போக வேண்டாம் என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார்.

பதில்: ஏஜெண்ட் சொல்வது இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவு. இந்தியக் குடியுரிமையை முறைப்படி துறந்தவரின் மைனர் பிள்ளை, 18 முடிந்த ஒரு வருஷத்துக்குள் எழுதிக் கொடுத்து மீட்கலாம் என்பது அதில் உள்ளது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியதால் இந்தியக் குடியுரிமை தானாக விழுவது 9ஆவது பிரிவு. இரண்டும் ஒன்றல்ல.

கிட்டத்தட்ட இதே போன்ற வழக்கில், பெற்றோர் 1998 டிசம்பரில் சிங்கப்பூர் குடிமக்களானார்கள். அப்போது தாய் வயிற்றில் இருந்த பிள்ளை 1999 மார்ச்சில் பிறந்தான். கருவில் இருந்த காலத்தைக் கணக்கில் எடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் அவனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. பெற்றோர் குடியுரிமை இழந்தது 9ஆவது பிரிவில், ஆகவே 8இன் சலுகை பிள்ளைக்கு இல்லை என்பது அதன் முடிவு. பாட்டன் பாட்டி பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்தவர்கள் என்ற வாதமும் எடுபடவில்லை. உங்கள் பேரன் பிறக்கும் முன்பே பெற்றோர் சிங்கப்பூர் குடிமக்கள். அவனுக்கு இந்தியக் குடியுரிமை இருந்ததே இல்லை, திரும்பப் பெற ஏதுமில்லை.

தேசிய சேவையை முடிக்காத ஆண்பிள்ளையைச் சிங்கப்பூர் தன் குடியுரிமையிலிருந்து விடுவிப்பதில்லை. அழைப்பு வந்து போகாவிட்டால் அது அங்கே குற்ற வழக்கு. ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள். பேரன் சேவையை முடித்து வரட்டும். ஓசிஐக்கு வயது வரம்பு கிடையாது, தாத்தாவின் இந்தியப் பாஸ்போர்ட்டையும் மகனின் பிறப்புச் சான்றிதழையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.